55 பேர் வாழும் செயின்ட் ஷொட்ஸ்: ஒரு குடித்தொகை, வீட்டு அட்டவணையை வாசித்தல்

கனடாவின் 2021 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்முனையிலுள்ள செயின்ட் ஷொட்ஸ் என்னும் ஊரில் 55 பேர் வாழ்கிறார்கள். 2016 இல் 66 பேர் இருந்தார்கள். 2011 இல் 81 பேர். ஈழத்தமிழரில் ஒரு தலைமுறையினருக்கு இந்த ஊரின் பெயர் பரிச்சயமானது. 1986 ஆகஸ்ட் 11 அன்று, இவ்வூர்க் கரைக்கு அப்பால் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்த, அடைக்கலம் தேடி வந்த 155 தமிழர்களை, ‘அட்லாண்டிக் ரீப்பர்’ என்ற மீன்பிடிப் படகின் தலைவர் கஸ் டால்ட்டன் கண்டு காப்பாற்றினார். இன்று ஊரில் வாழ்பவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கினர் அன்று அந்த இரு படகுகளில் இருந்திருக்கிறார்கள். மீட்கப்பட்டவர்கள் மாகாணத் தலைநகரான செயின்ட் ஜோன்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் பெரும்பாலும் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் குடியேறினார்கள். ஆகவே செயின்ட் ஷொட்ஸ் நம்மவர் நினைவில் கடலின் ஓர் இடமாகவே தங்கிவிட்டது. அதன் நிலத்தில் யார் வாழ்கிறார்கள், எப்படிப்பட்ட வீடுகளில் வாழ்கிறார்கள் என்று நாம் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இந்தப் பதிவு அந்த நிலத்தைப் பற்றியது.

கனடா புள்ளிவிபரத் திணைக்களம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்டிலுள்ள ஒவ்வொரு நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒரு விவர அட்டவணையை வெளியிடுகிறது. ரொறன்ரோவுக்கு எத்தனை வரிகள் உண்டோ, 55 பேர் வாழும் ஊருக்கும் அத்தனை வரிகள் உண்டு: வயது, பால், குடும்ப அமைப்பு, தாய்மொழி, வீட்டின் வகை, அது கட்டப்பட்ட காலம், சொந்த வீடா வாடகை வீடா என்பது, பழுதுபார்க்க வேண்டிய நிலை, வீட்டுச் செலவு. பார்ப்பதற்கு இது சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் நான் பல சிற்றூர்களின் அட்டவணைகளைத் தொடர்ந்து வாசித்து வந்ததில் என் மனத்தில் உறுதியாகப் பதிந்தது வேறொன்று: ஓர் ஊர் சிறுத்துவரச் சிறுத்துவர, அதைப் பற்றி அட்டவணை சொல்லக்கூடியதும் சிறுத்துவிடுகிறது. எந்தக் கட்டத்தில் ஊரின் நிலையைத் துல்லியமாக அறிவது மிகவும் தேவைப்படுகிறதோ, அந்தக் கட்டத்திலேயே எண்கள் மங்கிப்போகின்றன.

முதலில் ஊர். செயின்ட் ஷொட்ஸ், அவலொன் குடாநாட்டின் தெற்கு அந்தத்தில், மரங்களற்ற சதுப்பும் புல்வெளியுமான மேட்டுநிலத்தைக் கடந்து சென்றால் வரும் கடலோரக் குடியிருப்பு. கடும் மூடுபனிக்கும் கப்பல் விபத்துகளுக்கும் பெயர்போன கரை அது. இந்தக் கரையோரத்தில் குடியேறியவர்கள் பெரும்பாலும் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர்கள். மீனுக்காக வந்தவர்கள், மீனை நம்பியே இருந்தவர்கள். அருகிலுள்ள சற்றுப் பெரிய ஊர் ட்ரெபாசி, தலைநகரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. ட்ரெபாசியைச் சேர்த்துப் பார்க்காமல் செயின்ட் ஷொட்ஸின் எண்களை விளங்கிக்கொள்ள முடியாது. அங்கேதான் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த மீன் பதனிடும் தொழிற்சாலை இருந்தது. 1991 இல் அது மூடப்பட்டது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ட்ரெபாசியின் குடித்தொகை 1,375. அடுத்த ஆண்டு, 1992 ஜூலை 2 அன்று, அன்றைய மத்திய மீன்வள அமைச்சர் ஜோன் குரோஸ்பி கொட் மீன்பிடிக்குத் தடையை அறிவித்தார். இரண்டு ஆண்டுகளுக்கென்று சொல்லப்பட்ட அந்தத் தடை மூன்று தசாப்தங்களுக்கு மேல் நீடித்து, 2024 இல்தான் நீங்கியது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். ட்ரெபாசியின் குடித்தொகை 2021 இல் 405. முப்பது ஆண்டுகளில் பத்துப் பேரில் ஏழு பேர் இல்லாமற் போயிருக்கிறார்கள்.

இத்தகைய வீழ்ச்சியை அட்டவணை ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறது: ‘குடித்தொகை மாற்றம், 2016 முதல் 2021 வரை’. செயின்ட் ஷொட்ஸுக்கு அந்த வரி ஏறத்தாழ 17 சதவீத வீழ்ச்சி என்கிறது. பெருநகரத்துக் கண்ணால் பார்த்தால் இது பேரழிவு. ஆனால் அதன் பின்னால் இருப்பவர்கள் 11 பேர். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு வெளியேறியதும், நான்கைந்து முதியவர்கள் காலமானதும் சேர்ந்தாலே அந்தத் தொகை வந்துவிடும். அதேபோல, ஐந்து பேர் கொண்ட ஒரேயொரு குடும்பம் வந்து குடியேறினால் குடித்தொகை 9 சதவீதம் உயர்ந்துவிடும். அதைக் கண்டு ஊர் மறுமலர்ச்சி அடைந்துவிட்டதாக எழுதக்கூடியவர்களும் இருக்கிறார்கள். நூறு பேருக்குக் குறைந்த ஊரைப் பற்றிப் பேசும்போது சதவீதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஆட்களின் எண்ணிக்கையையே பேச வேண்டும் என்பது என் கருத்து.

வயது வரிகளுக்கு வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. எந்தத் தனிமனிதரையும் அடையாளம் காண முடியாதபடி, அட்டவணையின் உள்விவரங்களை 5 இன் மடங்குகளாக, எழுந்தமானமாகக் கூட்டியோ குறைத்தோ வெளியிடுகிறார்கள். இதற்கான காரணம் நியாயமானது. 55 பேர் வாழும் ஊரில் ‘80 வயதுக்கு மேற்பட்ட, தனியே வாழும் பெண்: 1’ என்று அச்சிட்டால் அவர் யாரென்று ஊரே அறியும். ஆனால் இதன் விளைவு என்னவென்றால், உண்மையில் ஏழு பிள்ளைகள் இருந்தால் அட்டவணை 5 என்றும் சொல்லலாம், 10 என்றும் சொல்லலாம். ஒரு பள்ளிப் பேருந்து தொடர்ந்து ஓடுமா என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு அது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் அது சுழியமாகவும் மாறிவிடலாம். ‘0 முதல் 4 வயது வரை: 0’ என்ற வரியை வாசிப்பவர் அந்த ஊரில் குழந்தைகளே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இருந்தாலும் பொதுப்போக்கைப் பற்றி ஐயமில்லை. 2021 இல் கனடா முழுவதிலும் 65 வயதைக் கடந்தவர்கள் 19 சதவீதம். நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோரில் அந்த விகிதம் அதைவிடக் கூடியது. 2016 க்கும் 2021 க்கும் இடையில் குடித்தொகை குறைந்த ஒரே மாகாணமும் அதுதான்: 519,716 இலிருந்து 510,550 ஆனது. நாட்டின் கிராமப்புறங்களை மொத்தமாக எடுத்தால் அங்கே குடித்தொகை குறையவில்லை, 0.4 சதவீதம் என்ற அளவில் சற்றே கூடியிருக்கிறது. ஆனால் கனடாவின் கணக்கில் கிராமப்புறம் என்பது, குறைந்தது 1,000 பேரும் சதுர கிலோமீற்றருக்கு 400 பேர் என்ற அடர்த்தியும் கொண்ட மையங்களுக்கு வெளியேயுள்ள நிலம் அனைத்தையும் குறிக்கும். ரொறன்ரோவிலிருந்து ஒரு மணிநேர ஓட்டத்தில் புதுப் பணக்காரர் வீடு கட்டும் இடமும் கிராமப்புறம்தான், செயின்ட் ஷொட்ஸும் கிராமப்புறம்தான். இரண்டையும் ஒரே சராசரிக்குள் அடைப்பதால் பின்னதன் நிலை மறைந்துபோகிறது.

இனி, யாரை அந்த ஊரவராகக் கணக்கிடுகிறார்கள் என்ற கேள்வி. 2021 இல் கணக்கெடுப்பு நாள் மே 11. நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் அது இன்னும் குளிர் விடாத காலம். கோடைக்கு மட்டும் ஊர் திரும்புபவர்கள் அப்போது வந்திருக்க மாட்டார்கள். வந்திருந்தாலும் வழக்கமான வதிவிடம் வேறிடத்தில் இருப்பதால் இங்கே கணக்கில் சேர மாட்டார்கள். மறுபுறம், அல்பேர்ட்டாவின் எண்ணெய் வயல்களில் வாரக்கணக்கில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் கணவரோ மனைவியோ, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தாலும், குடும்பம் இருக்கும் வீட்டிலேயே கணக்கிடப்படுகிறார். படிப்புக்காகத் தலைநகரில் தங்கி விடுமுறைக்குப் பெற்றோரிடம் திரும்பும் மாணவரும் பெற்றோரின் வீட்டுக்கே உரியவர். ஆகவே அட்டவணையில் 55 என்று இருப்பதால், சனவரி மாதத்து இரவொன்றில் அங்கே 55 பேர் உறங்குகிறார்கள் என்று கொள்ள முடியாது. யூலை மாதத்தில் 55 பேர்தான் இருக்கிறார்கள் என்றும் கொள்ள முடியாது. அது ஒரு விதியின்படி பெறப்பட்ட எண். அந்த விதி நல்ல விதிதான். குடும்பம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மனிதர் இருக்கிறார் என்று அது கொள்கிறது. ஆனால் தீயணைப்புத் தொண்டர்களாக எத்தனை பேரை அழைக்கலாம் என்று பார்க்கும் ஊர்ச் சபைக்கு இந்த எண் போதாது.

என்னை மிகவும் ஈர்ப்பது வீடுகளைப் பற்றிய பகுதி. நியூஃபவுண்ட்லாந்தின் கடலோரச் சிற்றூர்களில் வீடு என்றாலே தனிவீடுதான். தொடர்மாடி என்ற வரியில் பெரும்பாலும் சுழியமே இருக்கும். மரச்சட்டத்தில் எழுப்பி, வெளிப்புறம் மரப்பலகை அடித்து, பிற்காலத்தில் அதன்மேல் பிளாஸ்ரிக் பலகை போர்த்திய வீடுகள் அவை. பல வீடுகளை உரிமையாளர்களோ அவர்களுடைய தந்தையரோ, உறவினரின் கைகளோடு சேர்ந்து, குடும்பக் காணியில் தாமே கட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தகாரரும் வங்கியும் இடையில் வராததால் வீட்டுக்கடன் சுமை இல்லாத வீடுகள் இவ்வூர்களில் நிறைய உண்டு. 2021 இல் கனடாவில் சொந்த வீட்டில் வாழும் குடும்பங்கள் 66.5 சதவீதம், நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். நாட்டிலேயே முதலிடம் அதற்குத்தான். ரொறன்ரோவில் ஒரு வீட்டுக்காக வாழ்நாள் முழுவதும் உழைக்கும் நம்மவர்க்கு இந்த எண் பொறாமையை ஊட்டும். ஆனால் அங்கே சொந்த வீடு என்பது செல்வமாக மாறக்கூடிய சொத்து அல்ல. விற்க நினைத்தால் வாங்குவதற்கு ஆள் வேண்டும். ஊரைவிட்டு வெளியேறும் குடும்பம் அந்த வீட்டின் விலையைக் கொண்டு செயின்ட் ஜோன்ஸில் ஒரு வீட்டை வாங்கிவிட முடியாது. ஆகவே சொந்த வீட்டு விகிதம் உயர்ந்திருப்பதை வசதியின் அடையாளமாக வாசிப்பதற்கு முன், அந்த வீட்டை விட்டுப் போக முடிகிறதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பழுது பற்றிய வரியும் அப்படித்தான். வழக்கமான பராமரிப்புப் போதுமானதா, சிறு பழுதுகள் உண்டா, பெரும் பழுதுகள் உண்டா என்ற கேள்விக்கு வீட்டில் இருப்பவரே விடை எழுதுகிறார். எந்தப் பொறியியலாளரும் வந்து பார்ப்பதில்லை. உப்புக் காற்றும் குளிர்கால மழையும் மாறிமாறித் தாக்கும் கரையில், தன் கையால் கட்டிய வீட்டைத் தானே ஆண்டுதோறும் செப்பனிட்டு வந்த 78 வயது மனிதர், கூரையில் ஒழுக்கு இருந்தாலும் ‘சிறு பழுது’ என்றே எழுதக்கூடும். அவரைப் பொறுத்தவரை அது உண்மையான விடை. ஏணியில் ஏற அவரால் இனி முடியுமா என்று படிவம் கேட்பதில்லை.

அட்டவணையில் வீடுகள் இரண்டு வரிகளில் எண்ணப்படுகின்றன. ஒன்று, ஊரிலுள்ள தனியார் குடியிருப்புகளின் மொத்தம். மற்றது, வழக்கமாக வசிப்பவர்கள் இருக்கும் குடியிருப்புகள் மட்டும். நகரங்களில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்காது. தேய்ந்துவரும் கடலோரச் சிற்றூர்களில் இரண்டாவது எண் முதலாவதை விட மிகவும் பின்தங்கிப்போகும். ஓர் ஊரின் கதையை ஒரே பார்வையில் அறிய விரும்புபவர் குடித்தொகை மாற்றத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த இரு வரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். மனிதர்கள் போய்விட்டாலும் வீடுகள் நிற்கின்றன என்பதை அட்டவணை வெளிப்படையாகச் சொல்லும் ஒரே இடம் அதுதான்.

இந்த இடத்தில் நம்மவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. நகரங்களில் வீட்டு நெருக்கடி, அங்கே வெற்று வீடுகள். புதிதாக வருபவர்களை ஏன் அங்கே குடியமர்த்தக் கூடாது? கேள்வி நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனால் வசிப்பவர் இல்லாத வீடு விற்பனைக்கோ வாடகைக்கோ உரிய வீடு அல்ல. புங்குடுதீவில் பூட்டிக்கிடக்கும் வீட்டின் சொந்தக்காரர் பாரிஸிலோ ஸ்காபரோவிலோ இருக்கிறார், அவர் அதை விற்க மாட்டார் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செயின்ட் ஷொட்ஸ் போன்ற ஊர்களிலும் அதே நிலைதான். தாய் தந்தையர் இறந்தபின் வீடு ஆறேழு பிள்ளைகளுக்குப் பொதுவாகிறது. ஒருவர் அல்பேர்ட்டாவில், ஒருவர் ஒன்ராறியோவில், ஒருவர் தலைநகரில். காணிக்கு முறையான உறுதிப்பத்திரம் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்த உரிமை மட்டும் இருப்பதும் அந்த மாகாணத்தில் புதிதல்ல. யூலையில் யாராவது வந்து கதவைத் திறந்து, பெயின்ற் அடித்து, இரண்டு கிழமை இருந்துவிட்டுப் போகிறார்கள். குளிர்காலத்தில் வாழ்வதற்கு ஏற்ற சூடேற்றும் வசதி அவற்றுள் எத்தனையில் இருக்கிறது என்பதும் வேறு கேள்வி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு மட்டும் இருந்தால் குடும்பம் வந்துவிடாது. வேலையும் பள்ளியும் மருத்துவரும் வேண்டும். 1986 இல் கரையேறியவர்கள் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் போனதற்கும் இதுவே காரணம்.

இதைவிட வருத்தமான முரண் ஒன்றும் உண்டு. வெற்று வீடுகள் இருக்கும் இத்தகைய ஊர்களிலேயே வீட்டுத் தட்டுப்பாடும் இருக்கிறது. தனியே வாழும் முதியவருக்குத் தேவைப்படுவது படிக்கட்டில்லாத, சூடேற்றச் செலவு குறைந்த, அருகில் உதவிக்கு ஆள் உள்ள சிறிய வீடு. அப்படியொன்று ஊரில் இல்லாதபோது, ஐந்தாறு பிள்ளைகள் வளர்ந்த இருமாடி வீட்டில் அவர் தனியே இருப்பார். இயலாமற் போகும் நாளில் ஊரைவிட்டே போவார். அட்டவணை இதைக் காட்டுவதில்லை. கனடா பயன்படுத்தும் அளவுகோல்கள் மூன்று: வீட்டுச் செலவு வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டுகிறதா, குடும்பத்தின் அளவுக்குப் போதிய படுக்கையறைகள் உள்ளனவா, பெரும் பழுது உண்டா. கடனில்லாத வீட்டில் மூன்று படுக்கையறைகளோடு தனியே வாழும் 82 வயதுப் பெண்மணி இந்த மூன்றிலும் தேறிவிடுவார். கணக்கின்படி அவருக்கு வீட்டுத் தேவை எதுவும் இல்லை.

வாழ்பவர் யார் என்ற வரையறை எவ்வளவு கனமானது என்பதை அதே மாகாணத்தின் வடக்குக் கரையிலுள்ள லிட்டில் பே ஐலண்ட்ஸ் காட்டியது. படகுப் போக்குவரத்தை நம்பியிருந்த அந்தத் தீவு ஊரில் 2016 கணக்கெடுப்பில் 71 பேர் இருந்தார்கள். மாகாண அரசின் அன்றைய இடப்பெயர்வுக் கொள்கைப்படி, நிரந்தரமாக வசிப்பவர்களில் 90 சதவீதத்தினர் ஆதரவாக வாக்களித்தால் ஊரையே மூடிவிட்டுக் குடும்பத்துக்கு 250,000 முதல் 270,000 டொலர் வரை இழப்பீடு வழங்கப்படும் என்றிருந்தது. முதல் வாக்கெடுப்பில் 89.47 சதவீதம் கிடைத்தது; ஒருவரின் வாக்குக்கும் குறைவான இடைவெளியில் தீர்மானம் தோற்றது. யார் நிரந்தரமாக வசிப்பவர், யார் கோடைக்கு வருபவர் என்ற கேள்வி அயலவர்களிடையே எப்படிப்பட்ட கசப்பை விளைவித்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 2019 இல் நடந்த அடுத்த வாக்கெடுப்பில் அனைவரும் இசைந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பிற்பாடு இந்த 90 சதவீதம் 75 ஆகக் குறைக்கப்பட்டது. 1954 முதல் 1975 வரை நடந்த முந்தைய இடப்பெயர்வுத் திட்டங்களில் ஏறத்தாழ 300 குடியிருப்புகளிலிருந்து 30,000 பேர் அளவில் அகற்றப்பட்டார்கள். பலர் தங்கள் வீடுகளைக் கடலில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்று புதிய இடத்தில் நிறுத்தினார்கள். செயின்ட் ஷொட்ஸுக்குத் தரைவழிப் பாதை இருக்கிறது; அதன் நிலை லிட்டில் பே ஐலண்ட்ஸின் நிலை அல்ல. எனினும், பாதை பராமரிப்பிலிருந்து மருத்துவச் சேவை வரை எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்று அரசு கணக்குப் பார்க்கும்போதெல்லாம் மேசையில் இருப்பது இதே அட்டவணைதான்.

அந்த அட்டவணை முழுமையாகக் கிடைக்காமற் போன காலமும் உண்டு. 2010 இல் அன்றைய பிரதமர் ஹார்ப்பரின் அரசு, வீடு, வருமானம், கல்வி பற்றிய விரிவான கேள்விகளைக் கொண்டதும் கட்டாயமாக இருந்ததுமான நீண்ட படிவத்தை நீக்கி, விரும்பியவர்கள் மட்டும் நிரப்பும் ஆய்வாக மாற்றியது. தலைமைப் புள்ளிவிபரவியலாளராக இருந்த முனீர் ஷேக் அதை ஏற்காமல் பதவி விலகினார். 2011 இல் எடுக்கப்பட்ட அந்த ஆய்வில், பதில் அளித்தவர்கள் மிகக் குறைவாக இருந்ததால், ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றூர்களின் விவரங்கள் வெளியிடப்படவே இல்லை. பெருநகரங்களுக்கு அதனால் ஏற்பட்ட இழப்பு சிறிது. சிற்றூர்களுக்கோ ஐந்து ஆண்டுக் காலத்தின் வீட்டு நிலை, வருமானம், கல்வி பற்றிய பதிவே இல்லாமற் போனது. 2015 இல் வந்த அரசு கட்டாயப் படிவத்தை மீட்டது. மீட்டபின்னரும், நீண்ட படிவம் நான்கு வீடுகளில் ஒன்றுக்கே போகிறது. முப்பது சொச்சம் குடும்பங்கள் மட்டும் வாழும் ஓர் ஊரில் அது ஏழெட்டு வீடுகள். அவர்களின் விடைகளைப் பெருக்கித்தான் ஊர் முழுவதின் வீட்டுச் செலவும் பழுது நிலையும் மதிப்பிடப்படுகின்றன. ஊர் இன்னும் சிறுத்தால், தனியுரிமை காக்கும் விதிப்படி அந்த மதிப்பீடும் நிறுத்தப்பட்டு, வரிகள் வெறுமையாக விடப்படும்.

என் எண்ணத்தில், நூறு பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு மாகாண அரசும் ஊர்ச் சபையும் சேர்ந்து வீடுவீடாகச் சென்று தனியே ஒரு பதிவை எடுக்க வேண்டும்: எந்த வீட்டில் யார் குளிர்காலத்தில் இருக்கிறார், எந்த வீடு யாருக்கு உரியது, எது வாழத்தக்கது, யாருக்கு எப்படிப்பட்ட வீடு தேவை. அதை வெளியிட வேண்டியதில்லை. முடிவெடுப்பவர்களிடம் இருந்தால் போதும். செயின்ட் ஷொட்ஸின் அளவுள்ள ஊரில் இது ஒரு வாரத்து வேலை. 2021 க்கு அடுத்த தேசியக் கணக்கெடுப்பு 2026 மே மாதத்துக்கு உரியது. அதன் அட்டவணை வெளிவரும்போது நான் 55 என்ற எண் என்னவாயிற்று என்பதை விட, மொத்த வீடுகளுக்கும் மனிதர் வாழும் வீடுகளுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடியது என்பதையே முதலில் தேடுவேன். அடுத்ததாக, ஐந்து வயதுக்குக் குறைந்தோர் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.